தாய்மாமனுக்கு விசா வாங்கிய கதை

வெளிநாடு போக விசா வாங்கித் தருவது ஒரு தொழில் என்றால், இங்கே வந்தவர் திரும்பிப் போகாமல் இருக்க விசா வாங்கித் தருவது அதைவிடப் பெரிய தொழில். தொண்ணூறுகளில் கோயமுத்தூர் காந்திபுரத்தில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் எனக்கு வாய்த்தது இந்த இரண்டாவது. முன்னறையில் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் டிக்கெட் போடுவார்கள். அங்கே ஏசி ஓடும். பின்னறையில் நான், ஒரு டைப்ரைட்டர், ஒரு மேஜை ஃபேன். வேலையிலிருந்து ரிட்டயராகி நம்ம பக்கம் வந்து தங்கிவிட்ட வெளிநாட்டுக்காரர்களுடைய விசா நீட்டிப்பு, போலீஸ் பதிவு, பென்ஷன், பேங்க் சமாசாரம் எல்லாம் என் தலையில்.

"ஒரிஜினல் எங்கே? அப்ப ஜெராக்ஸ் எங்கே? ஜெராக்ஸ்ல கையெழுத்து எங்கே?" என்று ஜன்னலுக்கு ஜன்னல் அலைந்து, கடைசி ஜன்னலுக்குப் போகும்போது சாப்பாட்டு நேரம் வந்து, வெளியே வந்து டீ குடித்தவர்கள்தான் இதைப் படிக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறேன். அந்தப் பாக்கியம் இல்லாதவர்களுக்கு இது புரியாது. புரியாமலே நல்லா இருக்கட்டும்.

சும்மா இருக்க என்ன விசா?

வெர்னர் முதல்முறை என் மேஜைக்கு வந்தபோது வேட்டி கட்டியிருந்தார். ஆள் நிலைப்படியில் குனிந்துதான் உள்ளே வரவேண்டும், அவ்வளவு உயரம். ஜெர்மனியில் நூல் மில் மெஷின் செய்கிற கம்பெனியில் ஃபிட்டர். வாலிப வயசிலிருந்தே நம்ம ஊர் மில்களுக்கு மெஷின் பூட்ட வந்து வந்து போனவர். மில் ஃபிட்டர்களிடம் தமிழ் கற்றுக்கொண்டதால் பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடுவார். குறுக்கே வரும் நாயைக்கூட "அக்கட்டால போங்க" என்றுதான் விரட்டுவார். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. ரிட்டயரானதும் நேராகக் கோபிசெட்டிபாளையத்துக்கு வந்து, பக்கத்துக் கிராமத்தில் பழனிச்சாமி என்ற விவசாயியின் தோட்டத்து வீட்டில் ஒரு ரூமை வாடகைக்குப் பிடித்துக்கொண்டார்.

சிக்கல் என்னவென்றால், வேலை பார்க்க விசா உண்டு, படிக்க உண்டு, வியாபாரம் பண்ண உண்டு, சுற்றிப் பார்த்துவிட்டுப் போகவும் உண்டு. ரிட்டயராகி ஈஸி சேரில் உட்கார மட்டும் விசா கிடையாது. நானும் விதிப் புத்தகத்தைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, பொதுவான ஒரு வகையில் அவரைச் சேர்த்து, வருஷா வருஷம் நீட்டிப்பு வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவுக்கு வந்தேன். 'எதற்காகத் தங்குகிறீர்கள்?' என்ற இடத்தில் என்னங்க சார் எழுதட்டும் என்று கேட்டேன். அவர் சொன்னார்:

"நாப்பது வருஷம் மிசினை ஓட வெச்சாச்சுங்க. இனி நான் கொஞ்ச நாளைக்கு ஓடாம நிக்கோணும்னு எழுதுங்க."

நாலு இட்லி

ஜெர்மனியில் பென்ஷன் கொடுக்கிறவர்களுக்கு ஒரு கவலை. ஆள் இருக்கிறாரா, போய்விட்டாரா? அதனால் வருஷத்துக்கு ஒருமுறை உள்ளூர் அதிகாரி ஒருவர் 'இவர் உயிருடன் இருக்கிறார்' என்று முத்திரை குத்தித் தரவேண்டும். அந்தக் கிராமத்தின் நிர்வாக அலுவலரை ஜனங்கள் இன்னமும் மணியக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் தமிழில் எழுதித் தந்ததை நான் இங்கிலீஷில் மாற்றி அனுப்பவேண்டும்.

கவரைப் பிரித்தேன். 'மேற்படி வெர்னர் அவர்கள் எங்கள் கிராமத்தில் உயிரோடும் நல்ல சுகத்தோடும் இருந்து வருகிறார். காலையில் நாலு இட்லி சாப்பிடுகிறார். யாருடனும் வம்பு தும்பு கிடையாது.' எனக்குச் சிரிப்பு ஒருபக்கம், எரிச்சல் ஒருபக்கம். போன் போட்டு, "ஏனுங்க, உயிரோட இருக்காருன்னு ஒரு வரி போதாதுங்களா? இட்லியெல்லாம் எதுக்குங்க?" என்றேன். மனுஷன் அசரவே இல்லை.

"வெறுமனே உயிரோட இருக்காருன்னு எழுதினா, எங்கியோ ஆஸ்பத்திரியில கெடக்கறாராட்டம் அவங்க ஊர்ல நெனைச்சுக்க மாட்டாங்களா, அம்மணி?"

வாழைத்தார் வருமானம்

நீட்டிப்பு விண்ணப்பத்தில் 'இந்தியாவில் ஏதும் வருமானம் உண்டா?' என்று ஒரு கேள்வி வரும். கண்ணை மூடிக்கொண்டு 'இல்லை' என்று எழுதவேண்டிய இடம் அது. வெர்னர் அங்கே வந்து பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஊரில் யார் வீட்டுக் கிணற்று மோட்டார் நின்றாலும் இவரைத்தான் கூப்பிடுவார்களாம். காசு வாங்கமாட்டார். ஆனால் மறுநாள் காலையில் ரூம் வாசலில் ஒரு நேந்திரந்தார் சாத்தி வைத்திருக்குமாம். அது வருமானம்தானே என்கிறார்.

நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "சார், தாரைப் பத்தி எழுதினீங்கன்னா வேலை பாக்கறீங்கன்னு விசாவை நிறுத்திப்போடுவாங்க. இனிமே வாங்காதீங்க" என்றேன். அவர் நிஜமாகவே கவலையோடு கேட்டார்:

"வேண்டாம்னு சொன்னா அவங்க மனசு சங்கடப்படுமுங்களே, அதை எந்த இடத்துல எழுதறதுங்க?"

சத்தியில் பிறந்த வெளிநாட்டுக்காரர்

இன்னொரு வாடிக்கையாளர் முத்துசாமி அண்ணன். சத்தியமங்கலத்தில் பிறந்து, கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா அம்மாவோடு மலேசியா போய், அங்கே ரப்பர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ரிட்டயரானவர். கோயமுத்தூரிலேயே கணபதியில் தம்பி வீட்டோடு வந்து தங்கிவிட்டார். பாஸ்போர்ட் மலேசியா. ஆகவே சட்டப்படி அவரும் வெளிநாட்டுக்காரர்.

ஒருநாள் என் மேஜை முன்னால் இருந்த பெஞ்சில் வெர்னரும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ரயில் டிக்கெட் விசாரிக்க வந்த யாரோ ஒரு பெரியவர் வெர்னரிடம், "ஏனுங்க, ஈரோட்டு வண்டி எத்தனை மணிக்குங்க?" என்று கேட்டார். வெர்னரும் நேரத்தைச் சொல்லி, எந்த பிளாட்பாரத்துக்கு வரும் என்பதையும் சொல்லி அனுப்பினார். முத்துசாமி அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"நான் பொறந்த ஊரு சத்தி, போட்டோ ஒட்டிக்கிட்டு விசாவுக்கு நிக்கறேன். இவரைப் பாரும்மா, ஊருக்கே வழி சொல்லிக்கிட்டு உக்காந்திருக்காரு."

மாமன் இல்லாத பாப்பா

இனிமேல்தான் பெரிய சிக்கல். வெர்னர் குடியிருந்த வீடு பழனிச்சாமியுடையது என்று சொன்னேன் இல்லையா, உண்மையில் அது அவர் மனைவி சரஸ்வதி அக்காவுடையது. அக்காவுக்குக் கூடப் பிறந்தவர்கள் யாருமில்லை. தோட்டமும் வீடும் அப்பா வழியில் அக்கா பேருக்கு வந்தவை. அது பெரியப்பா மகனுக்குப் பொறுக்கவில்லை. வேலித் தகராறில் ஆரம்பித்துப் பேச்சுவார்த்தையே நின்றுவிட்டது. இந்த நேரத்தில் அக்காவின் மகளுக்குக் காது குத்து வந்தது.

காது குத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டும். மாமன் முறையுள்ள ஒரே ஆளான பெரியப்பா மகன், "நான் வராட்டி எவன் மடியில உக்கார வெக்கறான்னு பாக்கறேன்" என்று ஊருக்குள் பேசிவிட்டார். அக்கா குலதெய்வக் கோயிலுக்குப் போய், வெர்னரை மாமனாக உட்கார வைக்கலாமா என்று பூக் கேட்டார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டுக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். நினைத்த பூ வந்தால் சாமி உத்தரவு. வந்துவிட்டது. அன்றைக்கே வெர்னரிடம் வந்து, "அண்ணா, நீங்கதான் மாமனா வந்து உக்காரோணும்" என்று சொல்ல, அவரும் சரி என்றுவிட்டார். தை மாசம் காது குத்து என்று உறவையெல்லாம் கூப்பிட்டாகிவிட்டது.

அவருடைய விசாவோ மார்கழிக் கடைசியில் முடிகிறது. அதற்குள் நீட்டிப்பு வராவிட்டால் மாமன் ஜெர்மனியில் இருப்பார், அக்கா பெரியப்பா மகன் முன்னால் தலை குனிந்து நிற்கவேண்டும். நான் இதையெல்லாம் விளக்கமாகச் சொன்னேன். வெர்னருக்கு வேறு கவலை.

"மாமன் என்ன பண்ணோணும்னு ஒரு புத்தகம் கெடைக்குமுங்களா? நான் தப்பாப் பண்ணிப்போட்டா தங்கச்சிக்குத்தானுங்க அவமானம்."

பேங்க்கில் சீர்

எங்கள் ஆபீசுக்கு எதிரில் இருந்த பேங்க்கில்தான் வெர்னரின் பென்ஷன் டிராஃப்ட் வந்து சேரும். வெளிநாட்டுப் பணப் பிரிவில் இருந்த அம்மா சாமானியப்பட்டவர் இல்லை. ஒரு காகிதம் குறைந்தாலும் வாயைத் திறக்காமல் விரலால் வெளியே காட்டுவார். அவர் ஜன்னலுக்குப் போகும் முன் நானே பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போவேன்.

அன்றைக்கு, "மாமன் சீருக்குத் தோடு எடுக்கோணுமுங்க, அதுக்குத்தான் பணம்" என்று வெர்னர் சொன்னதும் அந்த அம்மாவின் பேனா நின்றது. எந்தப் பாப்பாவுக்கு, எத்தனை தட்டு, பட்டுப்பாவாடை எடுத்தாயிற்றா என்று விசாரணை நடந்தது. எத்தனை பெரிய தோடு என்று கேட்டதற்கு வெர்னர் சுண்டு விரல் நகத்தைக் காட்டினார். அந்த அம்மாவுக்கு முகமே வாடிவிட்டது. காகிதம் ஒன்றுகூடக் கேட்காமல் சொன்னார்:

"இருக்கறதே ஒரு மாமன். இம்மிணிக்கூண்டு தோடு போட்டுட்டு வந்தீங்கன்னா அந்தப் புள்ளையோட அம்மா காலத்துக்கும் பேச்சுக் கேக்கோணும். கூட எடுத்துக்கிட்டுப் போங்க."

விசாரணைக்கு வந்த ஏட்டு

நீட்டிப்பு கேட்டால், ஆள் சொன்ன விலாசத்தில் இருக்கிறாரா என்று போலீசில் இருந்து ஒருவர் வந்து பார்த்து எழுதுவார். சாதாரணமான விஷயம், அஞ்சு நிமிஷ வேலை. ஏட்டு ஒருவர் மஃப்டியில் வந்தார். பழனிச்சாமி மஞ்சள் மண்டிக்குப் போயிருந்தார். வெர்னர் யாருடைய தோட்டத்திலோ மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். வீட்டில் அக்கா மட்டும். வந்தவர் யாராக இருந்தாலும் நம்ம பக்கத்தில் முதலில் தண்ணி, பிறகு மோர், அப்புறம்தான் என்ன ஏது என்பது. மோரைக் குடித்துவிட்டு ஏட்டு, "உங்க ஊட்டுல வெளிநாட்டுக்காரர் யாராச்சும் குடியிருக்காங்களாம்மா?" என்று கேட்டிருக்கிறார். அக்கா, "அப்படி யாருமில்லீங்க. எங்க அண்ணன் மட்டுந்தான் இருக்காரு" என்று சொல்லிவிட்டார்.

பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. சாமி உத்தரவு கொடுத்து அண்ணனானவரை வெளிநாட்டுக்காரர் என்று அக்காவுக்குத் தோன்றவே இல்லை. ஏட்டு எதிர் டீக்கடையில் கேட்டார். அங்கேயும், "நம்மூர்ல ஏதுங்க வெளிநாட்டுக்காரன்?" என்றார்கள். அவரும் எழுதிவிட்டார்: 'மேற்படி விலாசத்தில் வெளிநாட்டவர் எவரும் இல்லை. வீட்டு அம்மாவின் அண்ணன் மட்டும் வசிக்கிறார்.' கொஞ்ச நாளில் வெர்னருக்கு, நீட்டிப்பு கிடையாது, மார்கழி முடிவதற்குள் நாட்டை விட்டுப் போகவும் என்று உத்தரவு வந்தது. நான் போனில் அக்காவைப் பிடித்து என்ன சொன்னீர்கள் என்று கேட்டதற்கு வந்த பதில் இது:

"ஏன் அம்மணி, அண்ணன் இருக்காருன்னுதானே சொன்னேன்? இல்லைன்னா சொன்னேன்?"

ஓனர் சொன்னது

எங்கள் ஓனர் தங்கவேல் அண்ணன் கமிஷன் இல்லாமல் கொட்டாவிகூட விடமாட்டார் என்று ஆபீசில் கேலி பேசுவோம். உத்தரவை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். படித்துவிட்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜெர்மனிக்கு ஒருவழி டிக்கெட்டுக்கு என்ன கமிஷன் வரும் என்று கணக்குப் போடுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். ஆபீஸ் காரின் சாவியை எடுத்து மேஜையில் வைத்தார்.

"அந்த டிக்கெட்டை என் கையால போட மாட்டேன் கண்ணு. டிரைவரைக் கூட்டிக்கிட்டு, அந்தக் குடும்பத்தையும் ஏத்திக்கிட்டு, நேராப் போயி அதிகாரியைப் பாரு."

ஒரு வரி எழுத ஒரு மத்தியானம்

மாவட்ட போலீஸ் ஆபீசுக்கு நாலு பேரும் போனோம். நான், வெர்னர், பழனிச்சாமி, சரஸ்வதி அக்கா. அதிகாரி நல்ல மனுஷர்தான். மூலையில் அந்த ஏட்டு நின்றுகொண்டிருந்தார், முகத்தில் ஈயாடவில்லை. தப்பாக எழுதியதற்கு அவருக்கும் மெமோ வரும்போல இருந்தது. "ரிப்போர்ட் வந்தது வந்ததுதான். ஊட்டுக்குச் சொந்தக்காரங்க, 'என் வீட்டில் ஒரு வெளிநாட்டவர் குடியிருக்கிறார்'னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாங்கன்னா மறுபடி பரிசீலிக்கலாம்" என்றார் அதிகாரி. அப்பாடா என்று இருந்தது எனக்கு. பேனாவை அக்காவிடம் நீட்டினேன். அக்கா வாங்கவில்லை.

"சாமிகிட்டப் பூக் கேட்டு, உறவுக்கெல்லாம் சொல்லி, இவருதான் எங்க அண்ணன்னு ஆயிப்போச்சுங்க. இன்னைக்கு அண்ணனை அன்னியன்னு என் கையால எழுதிப்போட்டு, நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மடியில உக்கார வெக்கறதுங்க?" என்றார். "எழுதாட்டி உங்க அண்ணன் ஜெர்மனிக்குப் போகோணும்மா" என்றார் அதிகாரி. அக்காவின் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. "ஒரு வரிதானக்கா" என்று நான் கெஞ்சினேன். பழனிச்சாமியைப் பார்த்தேன், அவர் சுவரில் இருந்த காலண்டரை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிமிஷம் எனக்கு ஆத்திரமாக வந்தது. கையில் கிடைத்த விசாவை ஒரு பிடிவாதத்துக்காக விடுவதா? ஆனால் அக்கா சொல்வதிலும் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தோம். டீ வந்தது, குடித்தோம், மறுபடி உட்கார்ந்திருந்தோம்.

வெர்னர்தான் எழுந்து அக்கா பக்கத்தில் வந்து நின்றார். "தங்கச்சி, அண்ணன்னே எழுதுங்க. எந்த ஊர்ல பொறந்த அண்ணன்னு மட்டும் சேத்துப்போடுங்க. நான் ஜெர்மன்ல பொறந்தேன், அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்: 'ஜெர்மன் நாட்டில் பிறந்து அந்த நாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் என் அண்ணன் வெர்னர், என் வீட்டில் எங்களோடு குடியிருக்கிறார்.' அதிகாரி அதை வாங்கி ஏட்டின் ரிப்போர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தார். மேலிடத்துப் பதில் வரும்வரை தங்கலாம் என்று எழுதி முத்திரையை எடுத்தார்.

"இந்தம்மா எழுதினதும் நெசம், நம்மாளு எழுதினதும் நெசம். இதுல யாருக்குங்க நான் மெமோ குடுக்கறது?"

தை மாசம்

காது குத்துக்கு எங்கள் ஆபீசே போயிருந்தது. வெர்னர் பட்டு வேட்டியை இரண்டு பெல்ட் போட்டு இறுக்கிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உட்காரும் வயசில்லை அது, முழங்கால் இரண்டும் காதுக்கு வந்தன. பாப்பாவை மடியில் வைத்து ஆசாரி ஊசியை எடுத்ததும் பாப்பா அழ ஆரம்பித்தது. அதற்கு முன்னாலேயே மாமன் அழுதுகொண்டிருந்தார். எனக்கும் அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கென்ன வெட்கம். வராமல் இருக்கமுடியாமல் வந்திருந்த பெரியப்பா மகன் கடைசி வரிசையில் நின்று பாப்பாவின் தோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பேங்க் அம்மா சொன்னபடி பெரிய தோடு.

பந்தியில் எனக்கு எதிரில் அந்த ஏட்டு. அக்கா அவரையும் கூப்பிட்டிருந்தார். பச்சைப்பயறுப் பாயசத்தை இரண்டாம் தடவை வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு வருஷத்துக்கு நீட்டிப்பு வந்துவிட்டது என்று முந்தின நாள்தான் தபால் வந்திருந்தது. அதை அக்காவிடம் சொல்லி, "இனிமே யார் வந்து கேட்டாலும் கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்கக்கா" என்றேன். அக்கா என் இலையில் இன்னொரு கரண்டி நெய்யை ஊற்றினார்.

"யார் வந்து எத்தனை தடவை கேட்டாலும் அண்ணன்னுதாஞ் சொல்லுவேன், அம்மணி. மத்ததை நீங்க பாத்துக்குங்க."

ஒரு வெளிநாட்டுக்காரரை வெளிநாட்டுக்காரர்தான் என்று வருஷா வருஷம் அரசாங்கத்திடம் நிரூபிப்பதற்குச் சம்பளம் வாங்கிய ஆள், இந்தக் கொங்கு நாட்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.